நாலேகாலும் முக்காலும்

"ஹலோ... ஆமா, வீடுதான்... ஓ, நான்தான் மக்களே, வேற யாரு எடுப்பா?... வந்தாச்சு, வந்தாச்சு. இப்பத்தான் போஸ்ட்மேன் ராஜையன் கொண்டு தந்துட்டுப் போறான். பிரிச்சும் பாத்தாச்சு... எனக்க பேருக்கு வந்த கவர நான் பிரிக்காம, கோயில்ல கொண்டு மந்திரிக்கவா செய்வேன்?... இரு, பதறாத. காகிதம் நல்லாத்தான் வந்திருக்கு. ஒரு கசங்கல் இல்ல. காலுதான் உக்கார மாட்டேங்குது."

இனயத்தில் கிரேசி வீட்டுத் தொலைபேசி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்றார்கள். கிரேசி விடவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் குருசடிக் கோயில், ரேஷன் கடை, குழாயடி மூன்றும் தெரியும். ஒரு காதில் கோயம்புத்தூர், மறு காதில் தெரு. ஆண்டவர் கொடுத்த இரண்டு காதையும் இப்படிச் சும்மா விடாமல் வேலை வாங்குகிற மனுஷி அந்தக் கடற்கரையில் இன்னொருத்தி இல்லை.

"எப்பிடி உக்காரல்லன்னா... எப்பிடின்னு சொல்லுவேன்? சுவிட்ச எடுத்து நீ வரைஞ்ச படத்துக்க மேல வெச்சேன். முதல் காலு ஓட்டையில சரியா நிக்குது. ரெண்டாவது காலு வட்டத்துக்க ஓரத்த மிதிச்சிட்டு நிக்குது. மூணாவது காலு தெருவுல நிக்குது... விளையாடல்ல மக்களே, கண்ணால கண்டததான் சொல்லுதேன்... ஏட்டி, அழாத... அழல்லியா? மூக்கு உறிஞ்சுன சத்தம் கேட்டுதே... ஜலதோசமா? ஆங், ஆங். ஜலதோசம்."

விஷயம் இதுதான். கிரேசியின் மகள் ரெஜிஷா கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சர்க்யூட் பலகைகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறாள். இரண்டு வருடம் பிறர் வரைந்ததைத் திருத்திக்கொண்டிருந்தவளிடம், அந்த 2009 ஜூலையில்தான் முதலாளி ஒரு முழுப் பலகையை நம்பி ஒப்படைத்திருந்தார். அதுவும் கடல் விளக்குக்கான பலகை. வலையின் கடைசி மிதவையில் கட்டிவிடுவார்களே, அந்த மினுக்கு விளக்கு. விசைப்படகுகளுக்கு மட்டுமான மீன்பிடித் தடை முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் விளக்கு கரைக்கு வந்தாக வேண்டும். படம் இன்று நாலு மணிக்குப் பலகை அடிக்கிற தொழிற்சாலைக்குப் போகிறது. போனால் போனதுதான், இருநூறு பலகையில் ஓட்டை விழுந்துவிடும். ஓட்டை இடம் மாறி விழுந்தால் இருநூறும் குப்பை; ரெஜிஷா மறுபடியும் பிறர் வரைந்ததைத் திருத்தப் போய்விடலாம்.

பலகையில் ஏறுகிற ஒவ்வொரு சாமானுக்கும் கால் உண்டு. அந்தக் கால் இறங்குகிற இடங்களை வரைந்து வைத்தால் அதுதான் அதன் கால்தடம். பெயரும் நம்பரும் உள்ள குடும்பத்துச் சாமான்களுக்கெல்லாம் கால்தடம் கம்ப்யூட்டருக்குள்ளேயே தயாராக இருக்கும், எடுத்து வைத்தால் போதும். இந்தச் சுவிட்ச் அப்படியில்லை. கிரேசியின் அக்காள் மகன் ஜிபின் மஸ்கட்டிலிருந்து பேரீச்சம்பழத்துக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் திணித்துக் கொண்டுவந்த இருநூற்றைம்பது சுவிட்ச். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் துருப்பிடிக்காது. ஆனால் உடம்பில் ஒரு எழுத்து கிடையாது. ஊர் பேர் தெரியாத பிள்ளைக்கு ஞானஸ்நானச் சீட்டு எழுதுகிற மாதிரி, அதற்குக் கால்தடத்தை ரெஜிஷாவே வரைய வேண்டியதாயிற்று. வரைந்ததை அசல் அளவில் அச்சடித்து, வைத்துப் பார்க்கச் சொல்லி வீட்டுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

"என்னையா சொல்லுத? சுவிட்ச அனுப்பியிருந்தா இந்தப் பாடு இல்லன்னா?... நான் கொரியர்ல போட்டேனா இல்லியா?... ஓ, கருவாடும் வெச்சேன்தான். ரெண்டு கிலோ நெத்தோலி. அதுக்கு?... வெறும் சுவிட்ச மட்டும் பெத்த பிள்ளைக்கு எவளாவது அனுப்புவாளா? கொரியர்க்காரனுக்கு மூக்கு நீளம், பொதிய திருப்பிக் கொண்டு போட்டுட்டான். அவனுக்க அம்ம அவனுக்குக் கருவாடே காட்டல்ல போல... சரி சரி, பழசப் பறையாத. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே குடத்தோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிரிஜா நடையைக் குறைத்தாள். கிரேசி குரலை ஒரு படி ஏற்றினாள். கேட்கிறவளுக்கு முழுதாகக் கேட்க வேண்டாமா?

"கோடா? என்ன கோடு?... ஆங், அடியில ஒரு கோடு கெடக்கு. ஐம்பது மில்லின்னு எழுதியிருக்கு... அச்சடிச்ச மிஷின் படத்த சுருக்கிட்டான்னு பாக்கதுக்கா? மிஷினுக்கும் களவு புத்தி உண்டுமா?... இரு, டேப்பு எடுக்கேன்... பிரிஜா, ஏட்டி, அங்கேயே நில்லு, ஒரு காரியம் இருக்கு... உன்ன இல்ல மக்களே, பிரிஜாவ... அவ சும்மா தண்ணிக்குப் போறா... இன்னா, டேப்பு வெச்சிட்டேன். அஞ்சு சென்டிமீட்டர்... ஓ, சரியா அஞ்சு. முடி அளவு கூடவும் இல்ல, குறையவும் இல்ல... அப்ப மிஷின் யோக்கியன்தான். பாவம், அதப் போய் களவாணின்னு சொல்லிட்டேன்."

எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டிருக்க வேண்டும். கிரேசி கழுத்தில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, சுவிட்சைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"மறிச்சும் வெச்சாச்சு... இந்தப் பக்கமும் பாத்தாச்சு... இல்ல. எப்பிடி வெச்சாலும் ஒரு காலு உக்காருது, ஒரு காலு நெளியுது, ஒரு காலு வெளிய. கல்யாண வீட்டு வேன்ல மாமியார் ஏறுன கதைதான்... சரி, சிரிக்காண்டாம். இன்டர்நெட்டுல ஒரு சீனாக்காரன் படம் போட்டிருந்தான்னு சொன்னியே, அத வெச்சா?... அதுல காலு நாலா? அப்ப அது வேற சாதி."

கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

"அளவா? அளவுல என்ன தப்பு? அன்னைக்கு நான் போன்ல வாசிச்சேன்லா. முதல் காலுக்கும் ரெண்டாம் காலுக்கும் நாலேகால் மில்லி. ரெண்டாம் காலுக்கும் மூணாம் காலுக்கும் நாலேகால் மில்லி... ஓ, அப்பாதான் அளந்தாவ. காலண்டர் தாள்ல எழுதித் தந்ததத்தான் நான் வாசிச்சேன்... அப்பா தப்பா அளந்திருப்பாவளோன்னா? மெல்லப் பேசு மக்களே. இங்கதான் இருக்காவ."

இருந்தார். ததேயுஸ் உள்வாசலில் வலையைக் கால் பெருவிரலில் மாட்டி, பொத்தல் அடைத்துக்கொண்டு இருந்தார். இனயத்தில் வலைக்கண்ணி அளவில் சந்தேகம் வந்தால் ததேயுஸிடம்தான் வருவார்கள். அவரே அரத்தால் ராவி எடுத்த பித்தளைத் தகடு ஒன்று உண்டு. ஒரு முனை ஒல்லி, மறுமுனை அகலம், நெடுக மில்லிமீட்டர் கோடு. கண்ணிக்குள் விட்டால் எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. அந்தத் தகட்டைச் சந்தேகப்படுவதும் அவருடைய ஞானஸ்நானத்தைச் சந்தேகப்படுவதும் ஒன்று.

போன வாரம் கிரேசி சுவிட்சைக் கொண்டு நீட்டியபோது, 'இது ஜிபினுக்கா?' என்று கேட்டார். அவளும் 'ஓ, ஜிபினுக்குத்தான்' என்றாள். யாருக்கு என்று அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒரு வீட்டில் மூன்று மாதம் இப்படித்தான் ஓடியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஈஸ்டருக்கு வந்த ரெஜிஷா, அப்பாவின் நல்ல மிதவை விளக்கை, ஜிபின் முந்தின தடவை கொண்டுவந்ததை, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கழற்றினாள். பார்த்தாள். மூடினாள். மூடியைச் சுற்றி மெழுகு போட மறந்துவிட்டாள். விளக்கு கடலுக்குப் போனது, தண்ணீர் குடித்தது, அணைந்தது. மிதவை தெரியாமல் ஏதோ விசைப்படகு வலையின் பாதியை அறுத்துக்கொண்டு போனது. ததேயுஸ் திட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மகளிடம் எந்த வார்த்தையும் சொல்லவில்லை. ரெஜிஷா இந்தப் பலகை வேலையை ஏன் அடம்பிடித்து வாங்கினாள் என்று ஊரில் மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். கிரேசிக்குப் புரிந்தது.

"கேட்டியளா? அளவு ஒருவேள மாறியிருக்குமோன்னு கேக்கா... நான் இல்ல, அவளாக்கும் கேக்கா... இன்னொரு தரம் அளந்தா என்ன, தகடு தேஞ்சா போவும்?..." ரிசீவருக்குத் திரும்பினாள். "மக்களே, அப்பா ஒண்ணும் சொல்லல்ல. ஊசிய மட்டும் ரெண்டு தடவ வேகமா இழுத்தாவ. முப்பது வருசமா அளக்கவனுக்கு நாலேகாலு தெரியாதான்னு அர்த்தம்... நான் எங்க சண்ட மூட்டுதேன்? நடுவுல நிக்கவளுக்கு ரெண்டு பக்கமும் இடி."

பிரிஜா குடத்தை ஜன்னல் ஓரத்தில் இறக்கி வைத்தே விட்டாள்.

"என்ன செய்யப் போற?... கம்ப்யூட்டர்ல திருப்பிப் பாக்கணுமா? பாரு, பாரு. போன வைக்காண்டாம். வெச்சா இந்த லைன் பொறவு எப்ப கிட்டும்னு அந்தோணியாருக்குத்தான் தெரியும். நீ பாத்திட்டிரு, நான் சும்மா பறஞ்சிட்டிருக்கேன். காது இஞ்ச, கண்ணு அங்க... முடியாதா? எனக்கு முடியுதே."

கிரேசிக்கு வாயில் ஒரு சேதி முந்தாநாளிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூருக்கு மட்டும்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

"நம்ம சிலுவை இருக்கான்லா, குருசடிக்கு மேற்க... அவனேதான். அவன் குளச்சல்ல புது வலை வாங்கினான். முப்பது மில்லி கண்ணின்னு கடைக்காரன் எழுதியே கொடுத்திருக்கான். கொண்டுவந்து அப்பாட்ட காட்டினா, அப்பா தகட விட்டுப் பாத்துட்டு இருபத்தெட்டுன்னு சொல்லிட்டாவ. விடுவானா சிலுவை? வலையத் தூக்கிட்டு கடைக்கு ஓடி, கடைக்காரனக் கையப் பிடிச்சு இழுத்து... நீ பாரு, நீ பாரு, நான் பறஞ்சிட்டிருக்கேன்... கடைசில பங்குச்சாமியார்ட்ட போச்சு வழக்கு. சாமியாருக்கு வலையப் பத்தி என்ன தெரியும்? ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான்னு சாமியார் சொல்லிட்டாவ. எப்பிடி சரியாவும்னு எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்கோம். பாத்தா, கடைக்காரன் முடிச்சுக்க நடுவுல இருந்து அடுத்த முடிச்சுக்க நடு வரைக்கும் அளப்பானாம். அப்பா முடிச்ச விட்டுட்டு உள்ள இருக்கிற ஓட்டைய மட்டும் அளப்பாவ. அங்க வெச்சு அப்பா ஒரு கேள்வி கேட்டாவ பாரு. மீனு ஓட்டையில கூடியா போவுது, முடிச்சுல கூடியா போவுதுன்னு. சாமியாருக்கே சிரிப்பு... ஹலோ?... ஐயோ, காது!"

ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த கூச்சல் ஜன்னலுக்கு வெளியே நின்ற பிரிஜாவுக்கும் கேட்டது.

"என்னட்டி விளிக்க?... திருப்பிச் சொல்லணுமா? எத? சாமியார் சிரிச்சதா?... அதுக்கு முந்தினதா? சிலுவை கையப் பிடிச்சு இழுத்ததா?... முடிச்சா?"

கிரேசி ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். இருபத்துநாலு வருடத்தில் மகள் 'அம்மா, போதும்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். 'திருப்பிச் சொல்லு' என்று சொல்லி இன்றைக்குத்தான் கேட்டாள்.

"ஓ... ஓ... முடிச்ச விட்டுட்டுதான் அளப்பாவ. தகட உள்ள விட்டா அப்பிடித்தானே நிக்கும்?... சுவிட்சையும் அதே தகடுலதான். ரெண்டு காலுக்கும் நடுவுல விட்டுப் பாத்தாவ, நான் பக்கத்துலதானே நின்னேன்... ஓ. காலுக்க உள்பக்கத்துல இருந்து மத்த காலுக்க உள்பக்கம்... உனக்கு அப்பிடி இல்லியா?... காலுக்க நடுவுல இருந்து நடுவா? எனக்க மாதாவே! நீயும் கடைக்காரன் கட்சியா?"

பிரிஜா ஜன்னல் கம்பிக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டாள். உள்வாசலில் ஊசி நின்றது.

"அப்ப அப்பா அளந்தது தப்பு இல்ல... ஓ, நாலேகாலு சரிதான், அது ஓட்டைக்க அளவு... ஆங், ஆங், ஒரு காலுக்க கனத்தையும் கூட்டணும். அதான் ரெண்டாம் காலு கொஞ்சம் விலகுது, மூணாம் காலு அதுக்க ரெட்டிப்பா விலகுது. இப்ப வெளிச்சம் வந்தாச்சு... கனம் எவ்வளவா? அது எனக்கெப்பிடித் தெரியும்? காலு முடி மாதிரி இருக்கு. தையல் டேப்புல முடிய அளக்க முடியுமா?... சுமாரா ஒண்ணா? சுமாராச் சொல்லி இருநூறு பலகையும் போனா நீ என்னத் திம்ப... மணியா? மூணு நாப்பது... தெரியுது மக்களே, தெரியுது, எனக்கும் கண்ணு இருக்கு."

திரும்பினாள். "இஞ்ச பாருங்க. உங்க அளவு சரியாம். கேட்டியளா? சரிதானாம். காலுக்க கனம் மட்டும் வேணுமாம். தகடு காலுக்க உள்ள போவாதே, என்ன செய்ய?"

ததேயுஸ் பெருவிரலிலிருந்து வலையைக் கழற்றினார். எழுந்தார். ஜன்னலுக்கு வந்து, சுவிட்சை எடுத்து, ஒரு காலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினார், நூல் வாங்கும்போது கடையில் உருட்டிப் பார்க்கிற மாதிரி. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு நைலான் நூலை எடுத்துக் காலோடு சேர்த்து வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

"மக்களே, அப்பா நூல வெச்சுப் பாக்காவ... பேசாத, இரு... நீதான் பேசுத, நான் எங்க பேசுதேன்?... இப்ப நிமிந்தாவ. சொல்லப் போறாவ. இரு, கேட்டுச் சொல்லுதேன். எவ்வளவு? கேட்டியளா, எவ்வளவு..."

ததேயுஸ் சுவிட்சை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கையை நீட்டினார். கிரேசி நீட்டின கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த ரிசீவரை, வலிக்காமல், ஆனால் விடாமல், அவர் எடுத்துக்கொண்டார். அந்த ஜன்னலில் முதல்தடவையாகக் கிரேசி ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு வெளியே நின்றாள்.

"...ஹலோ."

ரிசீவருக்குள்ளிருந்து சின்னதாக ஒரு உறிஞ்சல் கேட்டது. ஜலதோஷம்தான்.

"...ம்... ம்... முக்கால். இது முக்கால் மில்லி நூலு, ரெண்டும் ஒரே கனம்... ஓ, நாலேகாலும் முக்காலும்... அஞ்சு. முழு அஞ்சு... ம்... இரி. குத்திப் பாத்துட்டு சொல்லுதேன்."

ரிசீவரைக் கிரேசியிடம் கொடுக்கவில்லை. கழுத்தில் இடுக்கிக்கொண்டார். காகிதத்தில், படம் இல்லாத வெறும் மூலையில், டேப்பை வைத்து, அஞ்சு அஞ்சு மில்லி தள்ளி ஊசிமுனையால் மூன்று குத்து. சுவிட்சை எடுத்து மேலே வைத்து, ஒரு விரலால் அழுத்தினார். மூன்று காலும் ஒன்றாகக் காகிதத்துக்குள் இறங்கின. பிரிஜா வெளியிலிருந்து கை தட்டப் போனவள், ததேயுஸின் முகத்தைப் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"...உக்காந்தாச்சு... ஓ. மூணும்... ம். அனுப்பு. மணி ஆவுது... என்னது?... அது போன காரியம். அறுந்த வலைய முடிஞ்சாச்சு... ம்... ம்..."

அவர் ரிசீவரை வைக்கப் போனார். பிறகு மறுபடியும் காதில் வைத்தார்.

"...கேட்டியா மக்களே. முதல் விளக்கு எனக்க வலைக்கு. மூடியில மெழுகு மறக்கப்பிடாது."

டொக்.

"வெச்சிட்டியளா?" கிரேசிக்குத் தாங்கவில்லை. "யாரக் கேட்டு வெச்சிய? சிலுவைக்க கதை பாதியில நிக்குது! முடிவு அவளுக்குத் தெரியாண்டாமா?"

ததேயுஸ் அதற்குள் உள்வாசலில் உட்கார்ந்து வலையைப் பெருவிரலில் மாட்டியாயிற்று. பிரிஜா குழாயடிக்குப் போயாயிற்று. கிரேசி ரிசீவரை எடுத்தாள். கோயம்புத்தூருக்குச் சுழற்றினாள். அங்கே லைன் எங்கேஜ். மூன்று ஐம்பதுக்குப் படம் போய்க்கொண்டிருக்கும். அப்படியும் அவளால் வைக்க முடியவில்லை. டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்த அந்த எங்கேஜ் சத்தத்திடமே சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்:

"ஹலோ... ஹலோ... கேட்டுக்க மக்களே. சிலுவை அந்த வலையத் திருப்பிக் கொடுக்கல்ல. இருபத்தெட்டுன்னு திட்டிட்டே கடல்ல போட்டான். நேத்து ஊரு முழுக்க உள்ள சாளை மீனும் அந்த வலையிலதான்... ஓ... ஓ... சத்தியமா."